சர்வே தரவுக்கு எடை போடுவது எப்படி: பெங்களூரில் ஏழு வாரம் அலைந்தவனின் வழிகாட்டி

தண்ணீர் சர்வே அறிக்கையை அனுப்பிய பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘இந்தச் சதவீதங்கள் எடை போட்டவையா?’

இல்லை. எடை என்பது கடைசியில் யாராவது எக்செல்லில் போட்டுக் கொடுக்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தேன். கிழக்கு பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம், இந்திரா நகர் பக்கம் 24 வாக்காளர் பட்டியல் பாகங்களில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதி ஒரு பாகம்), பாகத்துக்கு 20 வீடு என்று 480 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, குடிக்கிற தண்ணீர் காவேரிக் குழாயா, போரா, டேங்கரா, கேனா என்று கேட்டிருந்தோம். அதற்கு எடை போட ஏழு வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் கணக்குக்குப் போகவில்லை. களத்தில் எழுதி வைக்காமல் விட்டதைத் தேடி அலைந்ததற்குப் போனது. அந்த ஐந்து வாரத்தை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம்.

எடை என்றால் இவ்வளவுதான்: பேட்டி கொடுத்த ஒருவர் ஊரில் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்ற எண். எல்லோரும் ஒரே எண்ணிக்கைக்காகப் பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினையே.

1. கையில் இருப்பது யாருடைய தரவு என்று முதலில் பாருங்கள்

அரசு சர்வேயின் தரவைப் பதிவிறக்கி வைத்திருந்தால் நீங்களாக எடை உருவாக்கக் கூடாது. அது உள்ளேயே இருக்கிறது, சரியான எண்ணால் வகுத்தால் போதும்.

தொழிலாளர் சர்வேயான பி.எல்.எஃப்.எஸ். தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசம். எடை ‘மல்டிபிளையர்’ என்ற பத்தியில் (நெடுவரிசையில்) தசமப் புள்ளி இல்லாமல் முழு எண்ணாக இருக்கும். 2017-18 முதல் வந்த ஆண்டுத் தரவுகளில், இரண்டு துணை மாதிரிகளையும் (மாதிரியை இரண்டாகப் பிரித்த பங்குகள்) சேர்த்து மதிப்பிடும்போது என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரு பத்திகளின் எண்களும் சமமாக இருந்தால் 100ஆல் வகுக்க வேண்டும், சமமாக இல்லாவிட்டால் 200ஆல். ஆண்டு முழுவதற்குமான மதிப்பீடு என்றால் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இந்த வகுத்தல்களை மறந்தால் கர்நாடகத்தின் மக்கள்தொகை இந்தியாவைத் தாண்டிப் போகும். 2025 ஜனவரி முதல் இந்தச் சர்வேயின் வடிவமைப்பே மாறிவிட்டது. அதனால் பழைய சூத்திரத்தை அப்படியே ஒட்டாமல் அந்தந்த ஆண்டின் ‘ரீட்மீ’ கோப்பைத் திறந்து படியுங்கள்.

தேசியக் குடும்பநல சர்வேயில், உதாரணமாக 2019-21 சுற்றில், எடையை 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். வீட்டுக்கு, பெண்களுக்கு, ஆண்களுக்கு என்று தனித்தனி எடை. குடும்ப வன்முறைப் பகுதிக்கு இன்னொன்று. இந்த எடைகளைக் கூட்டினால் மக்கள்தொகை வராது, மாதிரியின் அளவுதான் வரும். பி.எல்.எஃப்.எஸ். பழக்கத்தில் இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘தரவு தப்பு’ என்று நான் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

சொந்த சர்வே என்றால் கீழே வாருங்கள்.

2. களத்துக்குப் போகும் முன்: நோட்டில் ஏற வேண்டியவை

இதுதான் உண்மையான வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்த மென்பொருளும் கை கொடுக்காது.

முதலில் பாகங்களின் முழுப் பட்டியல்: மொத்தம் எத்தனை, அதில் எத்தனை எடுத்தீர்கள், எந்த முறையில் எடுத்தீர்கள். வாக்காளர் பட்டியல் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கேப்சா போட வேண்டும், வருவதும் படமாக எடுத்த பி.டி.எஃப். ஒரு பிற்பகலை ஒதுக்கி வையுங்கள். இந்தப் பட்டியலை எல்லை தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்தே வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் ஊரில் ஓட்டு வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப் போவார்கள். பெங்களூரில் அது சின்னக் கூட்டமா?

அதனால் இரண்டாவது, வீட்டு லிஸ்டிங். தேர்ந்த பாகத்தின் தெருக்களை நடந்து நீங்களே எழுத வேண்டும். அல்சூர் சந்துகளில் ஒரு கேட்டுக்குள் கீழே உரிமையாளர், மாடியில் இரண்டு குடித்தனம், மொட்டை மாடி ஷீட் கூரையில் இரண்டு பையன்கள் என்று நான்கு குடும்பம்கூட இருக்கும். கதவை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். ஒன்றாகத் தங்கி ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும் அதுதான். இந்த விதியில் பி.ஜி. விடுதிகள் சிக்கும், நாற்பது பேருக்கு ஒரே அடுப்பு. அவற்றைத் தனி அடுக்காக (தனியாக மாதிரி எடுக்கும் பிரிவாக) வையுங்கள், அல்லது ‘விடுதிகள் இந்தச் சர்வேயில் இல்லை’ என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. அது ஏழாம் படியில் வந்து கழுத்தைப் பிடித்தது.

மூன்றாவது, விசிட் ஷீட். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பேட்டி நடக்காவிட்டாலும் வரி இருக்க வேண்டும். முடிவு என்ன என்பதற்கு ஐந்து குறியீடுகளாவது வேண்டும்: பேட்டி முடிந்தது, மறுத்தார்கள், ஆள் இருக்கும் வீடு ஆனால் பூட்டு, யாருமே குடியில்லாத வீடு, வீடே அல்ல (கடையோ ஆபீஸோ). மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து ‘பூட்டு’ என்று ஒரே குறியாக வைத்ததுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நான்கு மாதம் கழித்து அறுபது வீடுகளுக்குத் திரும்பப் போய், ‘அப்போ இங்கே யாராவது இருந்தார்களா?’ என்று கேட்க வேண்டி வந்தது. 11 மாத ஒப்பந்தத்தில் வாழ்கிற ஊர். பாதி வீட்டில் புது ஆட்கள், எதிர்வீட்டு அம்மாக்களின் ஞாபகத்தை நம்பித்தான் குறியீடு போட்டேன்.

நான்காவது, வீட்டில் 18 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவரை எப்படித் தேர்ந்தீர்கள். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேட்பது எளிய வழி. ஆனால் பிறந்த தேதி தெரியாத பாட்டிகள் இருக்கும் வீட்டில் அது ஓடாது. பேட்டி எடுத்த எங்கள் பெண்கள் சீட்டுக் குலுக்கினார்கள், வீட்டுக்காரர்களுக்கும் அது பிடித்திருந்தது.

கவனிக்க: பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் பேட்டி எடுக்க என்யூமரேட்டரை (களத்தில் பேட்டி எடுப்பவரை) விடாதீர்கள். 20க்கு 20 முடிந்துவிட்டது என்று ஷீட் அழகாக இருக்கும். பகலில் வீட்டில் இருப்பவர்களின் சர்வேயாக அது மாறியிருக்கும்.

3. அடிப்படை எடை

தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழ்தான் அடிப்படை எடை. படிப்படியாகத் தேர்ந்திருந்தால் ஒவ்வொரு படியின் தலைகீழையும் பெருக்க வேண்டும். எளிதாக விளங்கட்டும் என்று உருண்டை எண்களில் சொல்கிறேன்.

ஓர் அடுக்கில் 60 பாகங்கள், 6 எடுத்தோம்: 10. அதில் ஒரு பாகத்தில் லிஸ்டிங்கில் 240 குடும்பம், 20 எடுத்தோம்: 12. அந்த வீட்டில் நான்கு பெரியவர்கள், ஒருவரைக் கேட்டோம்: 4. எடை 10 × 12 × 4 = 480. அடுத்த கதவில் ஒற்றை ஆள் குடித்தனம் என்றால் அவருக்கு 120 மட்டும்.

கடைசிப் பெருக்கலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் தனியாக வாழ்பவர்கள் குரல் ஓங்கும், கூட்டுக் குடும்பத்தவர் குரல் அமுங்கும். தண்ணீர்க் கேன் வாங்குவது போன்ற கேள்விக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் ‘வீட்டில் போர் இருக்கிறதா’ என்பது வீட்டைப் பற்றிய கேள்வி, ஆளைப் பற்றியது அல்ல. அதற்கு 4ஆல் பெருக்காத வீட்டு எடை வேண்டும். ஆக, இரண்டு எடைப் பத்திகள்.

பாகங்களை வாக்காளர் எண்ணிக்கையின் விகிதத்தில் தேர்ந்திருந்தால் முதல் எண் பாகத்துக்குப் பாகம் மாறும். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டு முடித்ததும் எடைகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை அந்தப் பகுதியின் பெரியவர்கள் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். பாதியோ இருமடங்கோ வந்தால் எங்கோ ஒரு படி விடுபட்டிருக்கிறது, இல்லை இருமுறை வந்திருக்கிறது.

4. கதவு திறக்காதவர்களின் பங்கு

பேட்டி கொடுக்காதவர்களின் எடையை, அவர்களைப் போன்ற, பேட்டி கொடுத்தவர்கள் மேல் ஏற்ற வேண்டும். அந்தப் பாகத்தில் 20 வீடு தேர்ந்தோம். 2 வீட்டில் யாரும் குடியில்லை. மீதி 18ல் 15 பேட்டி கிடைத்தது. பெருக்க வேண்டியது 18/15, அதாவது 1.2. அந்த 480 இப்போது 576, அந்த 120 இப்போது 144.

நான் முதலில் 20/15 என்று போட்டிருந்தேன். குடியில்லாத வீட்டுக்கும் ஆள் வைத்த கணக்கு அது. ‘பூட்டு’ குறியீட்டுக்காக அறுபது வீடு ஏறி இறங்கியது இந்த ஒரு பின்னத்துக்காகத்தான்.

‘அவர்களைப் போன்ற’ என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். பாகம்தான் எளிய குழு. ஆனால் ஒரே பாகத்தில் தனி வீடுகளும் செக்யூரிட்டி வைத்த அபார்ட்மெண்டும் இருந்தால் இரண்டையும் பிரியுங்கள். எங்கள் என்யூமரேட்டர்கள் நான்கு பேரும் தமிழ்ப் பெண்கள். மர்பி டவுனில் ‘வாம்மா, உள்ளே வா’ என்று மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். இந்திரா நகரில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. இரண்டையும் ஒரே குழுவில் போட்டால் அபார்ட்மெண்ட்காரர்களுக்காக மர்பி டவுன் பேசும். குழுவில் பேட்டிகள் மிகவும் குறைந்தால் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள்.

அபார்ட்மெண்டுக்கு அசோசியேஷனின் அனுமதிக் கடிதம் வேண்டும். லெட்டர்ஹெட், கேள்வித்தாள் நகல், என்யூமரேட்டர்களின் அடையாள அட்டை நகல் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். எங்களுக்கு 10 முதல் 15 நாள் ஆனது, ஏனென்றால் கமிட்டி ஞாயிறுதான் கூடும்.

5. இலக்கு எண்களைத் திரட்டுவது

இதுவரை செய்தது உள்கணக்கு. இனி வெளியே தெரிந்த எண்களோடு மாதிரியைப் பொருத்த வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகள் இலவசம். தேவைப்படுபவை: ஐந்தாண்டு வயதுக் குழுக்களுக்கு சி-14, கல்விக்கு சி-8, தாய்மொழிக்கு சி-16. உங்கள் மாதிரி 18 வயதிலிருந்து தொடங்கினால் சி-14ல் 15-19 என்ற குழு குறுக்கே நிற்கும். ஒவ்வொரு வயதாகக் கொடுக்கும் சி-13 அட்டவணையைப் பார்த்து 18, 19ஐப் பிரித்தெடுங்கள்.

இங்கே பொறிகள் அதிகம்.

கடைசியாக முடிந்த கணக்கெடுப்பு 2011. அன்று பெங்களூரு நகர மாவட்டத்தில் 96,21,551 பேர். அதை இன்றைய மொத்தமாக எடுத்துக்கொண்டால் சிரிப்பார்கள். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதுவரை, தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் 2011-2036 கணிப்பு அறிக்கையில் கர்நாடகத்தின் வயது, பாலின எண்கள் கிடைக்கும். ஆனால் அது மாநிலத்துக்கானது. நான் 2011ல் மாவட்டத்தின் வயதுப் பங்கு மாநிலத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்று பார்த்து, அதே விலகலைக் கணிப்பின் மேல் ஏற்றினேன். கச்சிதமானது என்று சொல்ல மாட்டேன். என்ன செய்தேன் என்பதை அறிக்கையில் இரண்டு வரியில் எழுதினேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வார்டு எண்ணை நம்பாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்கு 198 வார்டு. 2023ல் அது 225 ஆக வரையப்பட்டது. 2025ல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து வார்டுகளும் புதிதாக வரையப்பட்டன. ஒரே எண், ஒரே பெயர்கூட, வேறு எல்லை. வார்டு அளவில் பொருத்துவதை நான் கைவிட்டு மாவட்ட அளவுக்குப் போனேன்.

கேள்வியின் வார்த்தை அட்டவணையின் வார்த்தையோடு ஒத்துப்போக வேண்டும். நாங்கள் ‘வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?’ என்று கேட்டோம். லிங்கராஜபுரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் ‘தமிழ், கன்னடம் ரெண்டும்தான்’ என்றன. கணக்கெடுப்பில் இருப்பது தாய்மொழி, சிறுவயதில் அம்மா நம்மிடம் பேசிய மொழி. இரண்டும் ஒன்றல்ல. கதவு திறந்ததே மொழியால்தான் என்பதால் மொழி எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. முன்னூற்றுச் சொச்சம் பேரை போனில் அழைத்து மறுபடி கேட்டோம், ஒன்றரை வாரம்.

6. ரேகிங்

வயது, பாலினம், மொழி மூன்றையும் குறுக்காகப் பிரித்த அட்டவணை கிடைப்பது அரிது. ஒவ்வொன்றின் ஓரத் தொகைகள்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஓரமாகச் சரிசெய்துகொண்டே சுற்றி வருவதுதான் ரேகிங்.

கற்பனை எண்களில் பாருங்கள். எடைகளின் மொத்தம் 1,000. இளைய ஆண்கள் 150, மூத்த ஆண்கள் 270, இளைய பெண்கள் 250, மூத்த பெண்கள் 330. வர வேண்டியது: ஆண்கள் 520, பெண்கள் 480, இளையவர்கள் 550, மூத்தவர்கள் 450. பகல் ஷிப்டுக்குப் போன பையன்கள் நம்மிடம் சிக்கவில்லை என்பது எண்ணிலேயே தெரிகிறது.

முதலில் பாலினம். ஆண்களை 520/420ஆலும் பெண்களை 480/580ஆலும் பெருக்குங்கள். பாலினம் சரியானது, ஆனால் இளையவர்கள் 393தான். அடுத்து வயது: இளையவர்களை 550/393ஆலும் மூத்தவர்களை 450/607ஆலும் பெருக்குங்கள். வயது சரி, ஆனால் ஆண்கள் 508க்கு இறங்கிவிட்டார்கள். மறுபடி பாலினம். இப்போது இளையவர்கள் 549, மூத்தவர்கள் 451. இன்னொரு சுற்று போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எக்செல்லிலேயே போடலாம், ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

விடுபட்ட பதிலோடு ரேகிங் ஓடாது. வயது சொல்லாதவர்களை முன்கூட்டியே ஏதாவது ஒரு குழுவில் வைத்தாக வேண்டும். ஒரு பிரிவில் ஐந்தாறு பேர்தான் என்றால் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள். ஒருவருமே இல்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பித் திரட்டிய தரவுக்கும் சிலர் இப்படி ரேகிங் செய்கிறார்கள். செய்யலாம். ஆனால் அங்கே மூன்றாம், நான்காம் படிகளே கிடையாது. யாருக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ‘பிழை வரம்பு 5 சதவீதம்’ என்று மட்டும் தயவுசெய்து கீழே போடாதீர்கள்.

7. பூதமாக வளர்ந்த எடைகளை வெட்டுவது

என் பி.ஜி. விடுதிக் கதை இங்கேதான். நாற்பது பெரியவர்களில் ஒருவரைக் கேட்டதால் அவர் எடை நாற்பதால் பெருகியது. அவர் இருபத்துமூன்று வயது ஆண் என்பதால் ரேகிங் இன்னும் ஏற்றியது. அவர் கேன் தண்ணீர் குடிப்பவர். ஒரே பையனால் கேன் சதவீதம் எழும்பி நின்றது.

இது எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க ஒரு சூத்திரம்: எடைகளைக் கூட்டி வர்க்கமாக்கி, ஒவ்வொரு எடையின் வர்க்கத்தையும் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். அதுதான் உங்கள் மாதிரியின் உண்மையான பலம். 400 பேரில் 390 பேருக்கு எடை 1, பத்துப் பேருக்கு 15 என்று வையுங்கள். 540 × 540 ÷ 2,640, சுமார் 110. பத்தே பேர் 400ஐ 110 ஆக்கிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரை 5க்கு வெட்டினால் 302க்கு ஏறும்.

வெட்டினால் கொஞ்சம் சாய்வு (ஒரே பக்கம் இழுக்கும் பிழை) வரும், வெட்டாவிட்டால் ஆட்டம் (ஓரிருவரால் எண் எகிறுவது) வரும். நான் நடு எடையின் (மீடியன்) ஐந்து மடங்கை எல்லையாக வைத்தேன். இது என் தீர்ப்பு, வேதவாக்கு அல்ல. வெட்டிய மிச்சத்தை மற்றவர்களுக்குப் பங்கிட்டு, மறுபடி ரேகிங் ஓட்ட வேண்டும். எல்லையை முடிவுகளைப் பார்க்கும் முன்பே தீர்மானித்து, தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு தீர்மானித்தால் நமக்குப் பிடித்த சதவீதம் வரும்வரை வெட்டத் தோன்றும்.

8. மென்பொருள்

‘ஆர்’ (R) மென்பொருள் இலவசம். அதில் தாமஸ் லம்லி எழுதிய ‘சர்வே’ தொகுப்பில் ரேகிங், வெட்டல் எல்லாம் இருக்கின்றன. ஸ்டாட்டாவிலும் செய்யலாம், ஆனால் லைசென்ஸ் காசு. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் சாதாரண ‘வெயிட் கேஸஸ்’ மெனுவைப் போட்டால் சதவீதம் சரியாக வரும், பிழை அளவு தப்பாக வரும். எடைகளின் கூட்டுத்தொகை லட்சத்தில் இருந்தால் லட்சம் பேரைப் பேட்டி எடுத்ததாக அது நம்பிவிடும், தொட்டதெல்லாம் ‘சிக்னிஃபிகன்ட்’ (தற்செயல் அல்ல) ஆகும். கூட்டு மாதிரிக்கான தொகுதியை அதில் தனியாக வாங்க வேண்டும். எதில் செய்தாலும் எடையோடு பாக எண்ணையும் அடுக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

9. நாளும் பணமும்

லிஸ்டிங்தான் பெரிய செலவு. ஒரு பாகத்துக்கு இரண்டு பேர், ஒன்றரை நாள். 24 பாகத்துக்கு 72 ஆள்-நாள், நாளுக்கு 900 ரூபாய் வீதம் 64,800 ரூபாய். ஆட்டோவும் சாப்பாடும் தனி. பட்ஜெட் போடுபவர்கள் முதலில் வெட்டப் பார்ப்பது இந்த வரியைத்தான், விடாதீர்கள். விசிட் ஷீட் அச்சடிக்க அதிகம் ஆகாது. ஷீட் சரியாக இருந்தால் அடிப்படை எடைக்கு இரண்டு நாள், கதவு திறக்காதவர்களுக்கு இரண்டு நாள், இலக்கு எண்களுக்கு ஒரு வாரம், ரேகிங்கும் வெட்டலும் இரண்டு நாள். இரண்டு வாரத்தில் முடிகிற வேலை.

கடைசிக் கோப்பில் ஒரே எடைப் பத்தியை வைத்து மற்றதை அழிக்காதீர்கள். அடிப்படை, கதவு திறக்காதவர்களுக்குச் சரிசெய்தது, ரேகிங் ஆனது, வெட்டியது என நான்கு பத்திகளையும் வரிசையாக வையுங்கள். பெயரும் போன் எண்ணும் வேறு கோப்பில், பூட்டி. இரண்டாம் முறை அனுப்பியபோது எங்களிடம் கேட்டது, ‘வெட்டாமல் விட்டால் கேன் சதவீதம் என்ன?’ என்பது. பத்தி இருந்ததால் அன்று மாலையே பதில் போனது.